பெயர்ப்பலகையைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்: சூழல் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் உறவினர் வீட்டுப் பெண் ஒருத்தி என்னைப் பார்க்க வந்தாள். இந்திய வனப் பணிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காகவே 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்று பெயரிட்ட இளநிலைப் பட்டப்படிப்பு ஒன்றை மனத்தில் முடிவு செய்துவிட்டிருந்தாள். வனப் பணித் தேர்வை எழுதுவதற்கான தகுதிப் பட்டியலை நானும் அவளும் சேர்ந்து படித்துப் பார்த்தோம். தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் (ஜியாலஜி), கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவம் ஆகியவற்றில் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும் என்று யு.பி.எஸ்.சி. சொல்கிறது, அவள் தேர்ந்தெடுத்திருந்த பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. படிப்பின் பெயரில் 'சூழல்' என்ற சொல் இருந்தால் சூழல் வேலை தானாக வந்து சேரும் என்று நம்புவதுதான் நான் அடிக்கடி காணும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

சூழல் என்பது ஒரு பாடம் அன்று. பல பாடங்கள் வந்து கூடும் சிக்கல். திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யலில் கலந்த சாயக்கழிவுக்காக 2011-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு நீரில் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தினால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை அங்கே உறுதிப்பட்டது. அத்தகைய பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால், காற்றூட்டும் தொட்டியில் வாழும் நுண்ணுயிரிகளைக் கவனிக்க நுண்ணுயிரியல் படித்தவர் இருப்பார், ஆர்.ஓ. சவ்வுகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ளவும் ஆவியாக்கிகளில் உப்பைப் பிரித்தெடுக்கவும் கெமிக்கல் இன்ஜினியர் இருப்பார். பம்புகளுக்கும் மின்செலவுக்கும் எலெக்ட்ரிக்கல் படித்தவர் பொறுப்பாக இருப்பார். தமிழ்நாட்டின் மிகக் கடினமான சூழல் வேலைகளில் ஒன்றை இவர்கள்தாம் செய்கிறார்கள். இவர்களில் எவருடைய பட்டத்திலும் 'சூழல்' என்ற சொல் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அந்த நிலையத்தின் ஆய்வகத்தில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க வேண்டும். குப்பியில் காற்றுக்குமிழி ஒன்றுகூட நுழையாதபடி நீரை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்த்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு இறங்கும். அதை அமிலத்தில் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, நீல நிறம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். மாதிரியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்திருந்து இதையே மறுபடி செய்தால், இடைப்பட்ட வேறுபாட்டிலிருந்து, கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவான பி.ஓ.டி. கணக்கு கிடைக்கிறது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட்டின் இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை சொட்டு விட்ட அதே கைவேலைதான் இது. பள்ளியில் அந்த அளவீடுகளைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்து எழுதிவிட்டு 'ப்ராக்டிகல் மார்க் எப்படியும் வந்துவிடும்' என்று இருந்தவர்கள் இங்கே முதல் வாரத்திலேயே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்.

கணக்குக்குப் பயந்து பதினொன்றாம் வகுப்பிலேயே அதைக் கைகழுவுவது அடுத்த தவறு. உயிரியல் பிடித்திருப்பதால், கணிதம் இல்லாத தூய அறிவியல் பிரிவை எடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கணிதத்திலிருந்து தப்பிப்பதற்காக எடுப்பது வேறு. பொறியியல் கதவு அத்துடன் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலிருந்தும் சம அளவில் கேள்விகள் வருகின்றன. கணிதம் இல்லாமல் விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் வினாத்தாளின் கால் பங்கை இழந்துகொண்டே எழுத வேண்டியிருக்கும். கணினி அறிவியலுக்காக உயிரியலை விட்டவர்களுக்கும் அதே கால் பங்கு இழப்பு உண்டு. தவிர, காட்டில் மான் எத்தனை என்று எவரும் ஒவ்வொன்றாக எண்ணி முடிப்பதில்லை. மாதிரி எடுத்துப் புள்ளியியலால் மதிப்பிடுகிறார்கள்.

இயற்கையை நேசிப்பதையும் இயற்கைத் துறையில் வேலை பார்ப்பதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது இன்னொரு குழப்பம். பள்ளியில் மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டதும், பிளாஸ்டிக் ஒழிப்புக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியதும் இந்த வேலையைப் பற்றி எதையும் சொல்லித் தருவதில்லை. சென்னையில் மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கி வருகிறது. சனவரி முதல் சில மாதங்களுக்கு, பங்குனி ஆமை கரையேறும் பருவத்தில், அவர்களுடன் இரவில் கடற்கரையில் நடந்து பாருங்கள். மணலில் ஆமை ஏறி இறங்கிய தடத்தைத் தேட வேண்டும். தடம் முடியும் இடத்தில் குழியைக் கண்டுபிடித்து, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை எண்ணி எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். கிடைத்த இடமும் நேரமும் எண்ணிக்கையும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பல இரவுகளில் ஒரு தடமும் கிடைக்காது. கால் வலிதான் மிஞ்சும். வெறுங்கையோடு திரும்பிய மறுவாரமும் போகத் தோன்றுகிறதா என்பதை எந்தத் திறனறித் தேர்வும் சொல்லாது. சென்னைக்கு வர இயலாதவர்களுக்குப் பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. ஊர்க் கண்மாயே போதும்.

பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றில் சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்கள் தங்கள் மின்சாரம், நீர், கழிவு, கார்பன் வெளியேற்றம் ஆகியவற்றின் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால், அந்தக் கணக்கைத் தயாரிக்கும் வேலைகள் உண்மையிலேயே உருவாகியுள்ளன. அதைக் காட்டியே வார இறுதிப் பயிற்சி விற்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். பள்ளி மாணவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் கணக்கின் உயிர்நாடி பதினொன்றாம் வகுப்பு வேதியியலில் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. எரிந்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடோ ஏறத்தாழ 2.7 கிலோ. 12 கிராம் கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து 44 கிராம் ஆவதால் இந்த எடை கூடுகிறது. இதைத் தாளில் போட்டுக் காட்டத் தெரிந்த மாணவர், சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரைவிட முன்னே நிற்கிறார்.

கடைசியாக, தேதிகள். நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்து மற்ற வாய்ப்புகளைத் தவறவிடுவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஐசர் தேர்வுக்கான விண்ணப்பம் பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் வனவியல் கற்பிக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகவும், பொறியியல் கலந்தாய்வுக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இவ்விரண்டிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றைப் பள்ளியிலிருந்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கோடை விடுமுறையில் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆளைப் பிடிப்பது எளிதன்று.