எழும்பும்போது விடும் பிழைகள்: சின்ன விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கு

போன மாதம் மட்டக்களப்பு விமான நிலையத்தில் ஒரு பொடியனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரத்மலானையிலிருந்து பயிற்சிப் பறப்பில் வந்தவன், திரும்பிப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். டேங்கின் அடியிலிருந்து எரிபொருளைக் கிண்ணத்தில் பிடித்தான், வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தான், "சுத்தம்" என்று ஊற்றிவிட்டான். இருபது வருடத்துக்கு முன் நானும் இதே மாதிரித்தான்.

பிளப் (இறக்கையின் பின்பக்க மடல்) போட மறப்பது, கதவைச் சரியாகப் பூட்டாதது எல்லாம் செக்லிஸ்ட் பார்த்துக்கொள்ளும். அதில் டிக் விழுந்த பிறகும் நடக்கிறவை வேறு.

கிண்ணத்தில் கோடு இல்லை

தண்ணீர் அடியில் தங்கும், மேலே எரிபொருள் நிற்கும், நடுவில் ஒரு கோடு தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கிண்ணம் முழுக்கத் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்? கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், சுத்தம் என்று நம்பிவிடுவோம். செஸ்னா மாதிரிச் சின்னப் பயிற்சி விமானத்துக்கு ஊற்றும் 100எல்எல் என்ற வகைப் பெற்றோல் இளநீலம். கிண்ணத்துக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து நீலம் தெரிகிறதா என்று பாருங்கள், மணந்தும் பாருங்கள். குழாயில் கிடக்கும் நல்ல எரிபொருளிலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஓடுபாதை வரை ஓடும். தண்ணீர் வந்து சேர்வது எழும்பிய பிறகு.

வெயில்

"இங்கே கடல் மட்டம்தானே சேர்" என்று, எழும்ப எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று காட்டும் ஓட்ட தூர அட்டவணையைத் திறக்காமலே வருகிறார்கள். கணக்குக்கு எடுக்கும் நியம வெப்பநிலை 15 பாகை. மத்தியானம் 35 பாகை என்றால் 20 கூடுதல். பாகைக்கு ஏறக்குறைய 120 அடி உயரம் வைத்தால் 2,400 அடி. அதாவது, செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் மலையேறிப் போய்ப் பதுளையில் நின்று எழும்புகிற மாதிரி. இறக்கை, புரொப்பெல்லர், எஞ்சின் மூன்றுக்கும் காற்று மெலிந்துவிடும்.

காற்று

காலையில் தரைப் பக்கத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கடல் பக்கத்திலிருந்து கொண்டல் வரும். காலையில் பார்த்ததை வைத்து மத்தியானம் எழும்பாதீர்கள். செஸ்னா கையேட்டின்படி எதிர்க்காற்று 9 நொட் வேகத்தில் இருந்தால்தான் ஓட்ட தூரம் 10 சதவீதம் குறையும். பின்காற்று வெறும் 2 நொட் இருந்தாலே 10 சதவீதம் கூடும்.

திரும்பி வரப் பார்ப்பது

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். 300 அடியில் எஞ்சின் நிற்கிறது. முன்னால் வாவி, பின்னால் இப்போதுதான் விட்டு வந்த தார்ப்பாதை. கை தானாகத் திருப்பும்.

நான் பழகிய காலத்தில் என் இன்ஸ்ட்ரக்டர் உயரக் கொண்டுபோய், "3,000 அடிதான் நிலம் என்று வைத்துக்கொள்" என்றார். ஏறிக்கொண்டிருக்கும்போது 3,300இல் த்ரொட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுத்துவிட்டார். கெட்டித்தனமாக வளைத்தேன். ஸ்டோல் ஆகப்போகிறது, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் ஹோர்ன் கத்தியது. மூக்கு வந்த வழிக்குத் திரும்பியபோது உயரமானியில் 2,900. அவர் அந்த முள்ளை விரலால் தட்டிக் காட்டினார், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். 65 நொட்டில் 30 பாகை சரித்தால் வட்டத்தின் ஆரை ஏறக்குறைய 200 மீற்றர். அரைவட்டம் அடித்தால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் 400 மீற்றர் தள்ளி நிற்பீர்கள். அதைத் தாண்டித் திரும்பி, பிறகு மறுபக்கம் திருப்பிப் பாதைக்கு நேராக்க வேண்டும். எல்லாமாக 270 பாகை, கிட்டத்தட்ட 28 வினாடி. நிமிடத்துக்கு 700 அடிக்குக் குறையாமல் இறங்கினால் இதிலேயே 300 அடி முடிந்தது. "எஞ்சின் நின்றுவிட்டதா?" என்று திகைத்த நாலு வினாடியை நான் இன்னும் சேர்க்கவில்லை.

சரி, இன்னும் சரிப்போமே என்றால், 45 பாகையில் ஸ்டோல் வேகம் 19 சதவீதம் கூடும். 50 நொட்டில் ஸ்டோல் ஆவது ஏறக்குறைய 60இலேயே ஆகிவிடும். அதோடு, எதிர்க்காற்றாக இருந்த கச்சான் இப்போது முதுகில். நிலம் வேகமாக ஓடுகிற மாதிரித் தெரியும், வேகம் இருக்கிறது என்று நம்பி மூக்கைத் தூக்குவோம். ஒரு பக்க இறக்கை விழுவது அப்போதுதான்.

இதையெல்லாம் சொல்லி முடிய அந்தப் பொடியன் கேட்டான்: "ஆத்துக்க எப்பிடி சேர் இறக்குற? முதலை கிடக்கே!" (வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள்.) "முதலை வர நேரமெடுக்கும் மனே, ஸ்டோலுக்கு நேரம் வேணாம்" என்றேன்.

மூக்கை உடனே இறக்கி, முன்னால் இரண்டு பக்கமும் 30 பாகைக்குள் கிடைக்கிற இடத்தைப் பிடியுங்கள். தண்ணீர் என்றால் சில்லு மாட்டி விமானம் கவிழலாம். ஆகவே தொடுவதற்கு முன் கதவைத் திறந்து வையுங்கள், பெல்ட்டை இறுக்குங்கள். லைஃப் ஜாக்கெட்டை வெளியே வந்த பிறகு மட்டும் ஊதுங்கள். உள்ளே ஊதினால் கூரையோடு ஒட்டிக்கொண்டு கதவுக்குக் குனிய முடியாது.

பாதி ஓடுபாதை

அங்கே எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வரவில்லையா? த்ரொட்டிலை மூடுங்கள்.

சீட்

கிளிக் சத்தத்தை நம்பாமல் பின்னால் உந்திப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் வழுக்கி, கூரையைப் பார்த்தபடி நான் எழும்பிய நாளைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.