ஹெல் லெட் லூஸ்: ஓடி ஓடிச் சாகிறவர்களுக்கு

ஹெல் லெட் லூஸ் ஓர் இரண்டாம் உலகப் போர்க் கணினிக் கேம். ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை குறையும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்துப் பெடியள் நாலைந்து பேர் இதற்குப் புதிதாக வந்து சேருகிறார்கள். வந்த அன்றே, பழைய ஆட்கள் ஒருகாலத்தில் செய்த அதே பிழைகளை அதே வரிசையில் செய்யத் தொடங்குகிறார்கள். திரையில் குறிப்புள்ளி இல்லை, மிச்சச் சன்னத்தின் எண்ணிக்கை இல்லை, யாரைச் சுட்டு விழுத்தினோம் என்ற அறிவிப்பும் இல்லை. இவை ஒரு பின்னேரத்தில் பழகிவிடும். கைக்குண்டை யன்னல் சட்டத்தில் எறிந்து தானே சாவதும் அப்படித்தான். அவற்றை விடுவோம்.

கரிசன் போடாத ஒபிசர்

ஒரு பக்கத்துக்கு 50 பேர், ஓர் ஆட்டம் 90 நிமிடம். மப், அதாவது போர்க்களம், ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளம். செத்தவர் மீண்டும் எழும்ப மூன்று இடங்கள் உண்டு: பின்னால் கிடக்கும் தலைமையகம், ஸ்குவாட் என்ற சிறு குழுவின் தலைவரான ஒபிசர் அந்தக் குழுவுக்கு மட்டும் வைக்கும் ஓபி (அவுட்போஸ்ட்), முழு அணிக்கும் பொதுவான கரிசன். கரிசன் இல்லை, ஓபியும் போய்விட்டது என்றால் தலைமையகத்திலிருந்து நடைதான். கைப்பற்ற வேண்டிய நடு முனைக்கு ஓடிப்போக நாலு நிமிடமாவது பிடிக்கும். பதினைந்து தரம் செத்தால் ஒரு மணித்தியாலம் வயலுக்குள் ஓடியே கழிந்துவிடும். பிறகு ‘ஓடுறதைத் தவிர ஒண்டும் இல்லாத கேம்’ என்று சொல்லி அழித்துவிடுகிறார்கள். கேமில் பிழை இல்லை. அந்த அணியில் ஏழெட்டு ஒபிசர்மார் இருந்தும் ஒருவரும் கரிசன் போடவில்லை, அவ்வளவுதான்.

புதியவர் ஒபிசராவது பெரும்பாலும் தற்செயல். ஸ்குவாட்டில் ஒபிசர் விலகிப் போவார், இடம் வெறுமையாகத் தெரியும், இவர் அமத்திவிடுவார். தொம்சன் துப்பாக்கி கிடைத்த சந்தோசத்தில் முன்னுக்கு ஓடுவார். மைக் இல்லை. மற்ற ஒபிசர்மார் தலைவர்களின் அலைவரிசையில் கூப்பிட்டுக் களைத்துப்போவார்கள். பின்னால் ஐந்து பேர் எங்கே எழும்புவது என்று தெரியாமல் மப்பைப் பார்த்தபடி இருப்பார்கள். தெரியாமல் எடுத்தது குற்றமில்லை. இடையில் சொன்ன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் எரிச்சல்.

போடுவது ஒன்றும் வித்தையில்லை. சப்போர்ட் ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரிடமுள்ள பெட்டியில் 50 சப்ளை இருக்கும். எங்கள் பகுதியில் ஒரு கரிசனுக்கு 50 போதும். எதிரியின் பகுதிக்குள் என்றால் 100, அதாவது இரண்டு பெட்டி. சப்போர்ட் பெட்டியைப் போட்டதும் ஒபிசர் கைக்கடிகாரத்தை எடுத்துக் கரிசனைத் தெரிவுசெய்து, பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ‘சப்போர்ட், என்னோட வா, பெட்டி போடு’ என்று மைக்கில் ஒரு வசனம் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பிழை விடுவது இடத்தில். எல்லாரும் கைப்பற்ற வேண்டிய வட்டத்துக்கு உள்ளேயே, நல்ல கல்வீடாகப் பார்த்து வைக்கிறார்கள். எதிரி ஒருவன் 100 மீற்றருக்குள் வந்தாலே கரிசன் சிவந்து பூட்டிக்கொள்ளும். ஒருவராலும் எழும்ப முடியாது. வட்டத்தை அவன் தாக்கும் நேரத்தில்தான் அது தேவைப்படும், அதே நேரத்தில்தான் அது பூட்டியும் இருக்கும். ஆகவே வட்டத்திலிருந்து 150, 200 மீற்றர் தள்ளி, பக்கவாட்டில், வேலிக்கோ மதிலுக்கோ பின்னால் வையுங்கள். றோட்டு ஓரம் வேண்டாம், டாங்கி வரும் வழி அது. இரண்டு கரிசனுக்கு இடையில் 200 மீற்றராவது இருக்க வேண்டும். மப்பிலுள்ள ஒரு கட்டத்தின் பக்கமும் 200 மீற்றர்தான், கட்டத்தை எண்ணிப் பார்த்தால் போதும். அணிக்கு மொத்தம் 8 வைக்கலாம். முன்னுக்கு நாலு இருந்து பின்னுக்கு ஒன்றும் இல்லாத அணி, ஒரு முனை விழுந்ததும் அடுத்த முனையையும் சேர்த்து இழக்கும்.

ஓபிக்குச் சப்ளை தேவையில்லை. 20 செக்கனுக்கு ஒருமுறை ஸ்குவாட்டை எழுப்பும். கரிசனுக்கு 40 செக்கன். வேகமாக இருக்கிறதே என்று ஓபியை மட்டும் நம்பாதீர்கள். எதிரி கிட்ட வந்தாலே அது அழிந்துவிடும்.

மெடிக் வர முதல் செத்துப்போவது

விழுந்தவுடன் அவசரப்பட்டுக் கைவிடுகிறார்கள். எழுப்பக்கூடியவர் மெடிக் மட்டும்தான். பக்கத்தில் ஒருவர் இருந்தால் பொறுங்கள், கூப்பிடுங்கள். தலையில் வெடி பட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, நேரே மப்புக்குப் போங்கள். பக்கத்தில் மெடிக் இல்லாமல் கிடந்து புலம்பினாலும் நேரம்தான் வீண்.

சொந்த ஆளைச் சுடுவது

சொந்தச் சன்னமும் கொல்லும். தூரத்தில் தலைக்கு மேல் பெயர் தெரியாது. சுட முதல் ஒருதரம் மப்பைத் திறந்து அந்த மூலையில் எங்கள் ஆட்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். தவறிச் சுட்டால் மைக்கில் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வேலியை மதில் என்று நினைப்பது

பிரான்சின் நோர்மண்டியிலுள்ள கரன்தான் என்ற ஊரின் மப்பில் இதைத் தினமும் பார்க்கலாம். யூட்டா, ஒமாஹா என்ற இரண்டு கரைகளில் இறங்கிய அமெரிக்கப் படைகள் ஒன்றுசேர வேண்டுமென்றால் அந்த ஊர் வேண்டும். 1944 ஜூனில் அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவு அதற்காகத்தான் அங்கே அடிபட்டது. சுற்றிவர நோர்மண்டி வேலிகள்: அடியில் மண் அணை, மேலே செடி. எங்கள் பூவரசம் வேலி போலத்தான், ஆளை மறைக்கும், சன்னத்தை மறிக்காது. மறிப்பது அடியிலுள்ள மண். ஆகவே செடிக்குப் பின்னால் நிற்காதீர்கள், மண்ணுக்குப் பின்னால் படுங்கள். இரண்டு தரம் சுட்டதும் பத்து மீற்றர் நகருங்கள். குர்ஸ்க் போன்ற வெட்ட வெளியில் ஒருதரத்துக்கே நகர வேண்டும்.

ஸ்னைப்பர்

முதல் மாதம் வேண்டாம். அவர் இருக்கும் ரீகொன் (வேவு) ஸ்குவாட்டில் இரண்டே இடம்தான்.

கொமாண்டர்

முழு அணிக்கும் தலைவர் இவர். தொடவே வேண்டாம்.

எஞ்சினியர் நோட் கட்டாமல் முன்னுக்குப் போவது

ஆட்டம் தொடங்கி முதல் ஐந்து நிமிடத்தில் ஆட்பலம், வெடிமருந்து, எரிபொருள் மூன்றுக்கும் நோட் (அவற்றைத் தொடர்ந்து தரும் நிலையம்) கட்டினால்தான் கொமாண்டரிடம் பிறகு கொடுக்க ஏதாவது இருக்கும். கட்டிவிட்டுப் போங்கள்.

லண்டன் மச்சானின் நேரம்

லண்டனிலுள்ள மச்சானோடு சேர ஐரோப்பியச் சேர்வர்களுக்குப் போகிறவர்கள் உண்டு. அவை நிரம்புவது அங்கே இரவு எட்டுக்கு. எங்களுக்கு அது நடுச்சாமம் தாண்டிய நேரம். பிங்கும் (சேர்வருக்குப் போய்வரும் தாமதம்) 150 மில்லிசெக்கனைத் தாண்டும். மூலை திரும்பி வருகிறவன் உங்களைக் கண்டு சுட்ட பிறகுதான் உங்கள் திரைக்கு வருவான். சேர்வர்ப் பட்டியலை பிங்கின்படி வரிசைப்படுத்தி, சிங்கப்பூரோ இந்தியாவோ கிட்டத்தில் எது நிரம்பி இருக்கிறதோ அதை எடுங்கள். மச்சானோடு சனி, ஞாயிறில் விளையாடலாம். கரண்ட் போகும் நாட்களில் கணினிக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டரை மறக்கிறவர்களும் உண்டு. 80ஆவது நிமிடத்தில் ஒபிசர் காணாமல்போவது அப்படித்தான்.

ஸ்பீக்கர்

கூடாது. ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தத்தை இந்தக் கேமில் நன்றாகவே செய்திருக்கிறார்கள். அதை 1995இல் பங்கருக்குள் இருந்து கேட்டவர்கள் அடுத்த அறையில் படுத்திருக்கக்கூடும். ஹெட்செட் போடுங்கள். கதவையும் சாத்துங்கள், மைக்கில் நீங்கள் ‘ஷெல் வருது, படு’ என்று கத்துவதும் அவர்களுக்குக் கேட்கும்.