சிங்கப்பூர்ச் சுவரோவியங்களைத் தேடி நடப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூரில் சுவரோவியம் பார்க்கக் கிளம்பிய முதல் நாளில், கைப்பேசி வரைபடத்தில் பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டு போய், மூன்றை மட்டும் கண்டுபிடித்துத் திரும்பினேன். மற்ற ஒன்பதில் சில அழிக்கப்பட்டிருந்தன. ஆனால் பெரும்பாலானவை அங்கேயே இருந்திருக்கின்றன என்பதும், அவற்றைத் தாண்டித்தான் நான் நடந்திருக்கிறேன் என்பதும் பின்னால்தான் தெரிந்தன. அந்த ஒரு நாளில் வீணான நேரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயிலில் ஏறுவது, பயண அட்டை வாங்குவது போன்றவற்றை நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகுங்கள்

பெர்லினிலோ நியூயார்க்கிலோ பார்ப்பதுபோல் இரவோடிரவாகத் தெளிக்கப்பட்ட கிராஃபிட்டியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டத்தின்படி, பொதுச் சொத்தின் மீதோ, உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான இசைவு இல்லாமல் தனியார் சொத்தின் மீதோ எழுதினால், 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை என்பதோடு, மூன்று முதல் எட்டு வரை பிரம்படியும் கிடைக்கக்கூடும். இது ஏட்டளவிலான சட்டம் அன்று. 2010இல் பணிமனைக்குள் புகுந்து எம்.ஆர்.டி. ரயில் பெட்டியில் வண்ணம் தெளித்த சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவருக்குச் சிறையுடன் மூன்று பிரம்படியும் விதிக்கப்பட்டன.

2012இல் சாலையிலேயே அச்சுத்தகடு வைத்து ‘என் தாத்தா சாலை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தெளித்த இளம் கலைஞர் ஒருவர் 240 மணி நேரச் சமூக சேவையுடன் தப்பினார். நம்மூரில் “உங்கப்பன் வீட்டு ரோடா?” என்று கேட்பதற்கு இவ்வூர்ப் பேச்சில் தாத்தா வருகிறார், அந்தக் கேலியைத்தான் அவர் சாலையில் எழுதினார்.

ஆகவே, இங்கே நீங்கள் காணும் பெரிய ஓவியம் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அனுமதி இருக்கிறது என்று கொள்ளலாம். அந்த அனுமதி எங்கே எளிதாகக் கிடைக்கும் என்று யோசித்தால், ஓவியம் எங்கே இருக்கும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

படி 2: முகப்பைப் பார்க்காதீர்கள், பக்கச் சுவரைப் பாருங்கள்

நான் இடறியது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகிய மூன்று வட்டாரங்களிலும் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட பழைய கடைவீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மிகப் பலவும் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். அவற்றின் முகப்பு முழுவதும் சன்னல்களும் தூண்களும் பூவேலைப்பாடுகளுமாக இருப்பதால், அங்கே ஓவியம் தீட்ட இடமும் இல்லை, இசைவும் எளிதில் கிடைக்காது. வரிசை முடியும் முனையில் இருக்கும் கடைவீட்டின் பக்கச் சுவர் மட்டுமே சன்னலில்லாமல், இரண்டு மூன்று மாடி உயரத்துக்குத் திரைச்சீலைபோல் வெறுமையாக நிற்கும். ஓவியர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். அடுத்தபடியாகக் கொல்லைப்புறச் சந்துகளை.

ஆனால் வரைபடத்தில் உள்ள முகவரியோ முகப்புக்கு உரியது. அந்த எண்ணைத் தேடி ஐந்தடி நடைபாதையில், அதாவது கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் நடைவழியில், போனால் கடைப்பலகைதான் கண்ணில் படும். தலைக்குமேல் கூரை இருப்பதால் பக்கச் சுவரைத் தாண்டியது தெரியவே தெரியாது. இதற்கு நான் கண்ட வழி எளிது: தேடும் வரிசைக்கு எதிர்ப்பக்க நடைபாதையில் நடங்கள், ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். என் இரண்டாவது நடையில் கண்டவற்றில் பாதி, திரும்பிப் பார்த்தபோது கிடைத்தவையே.

படி 3: கிளம்புமுன் சுவரின் வயதைச் சோதியுங்கள்

பழைய பட்டியல்களை நம்பி நடந்தால் வெள்ளையடித்த சுவர்களின் முன்னால் நிற்க நேரும். கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியைக் கணினியில் திறந்தால், அந்த இடத்தின் முந்தைய ஆண்டுப் படங்களையும் தேதியோடு பார்க்கலாம். மிக அண்மைய படத்திலும் ஓவியம் இருந்தால் மட்டும் அதை உங்கள் பட்டியலில் சேருங்கள். இதற்கென்றே கிடைக்கும் தனிச் செயலிகள் சிலவற்றை நான் நிறுவிப் பார்த்து நீக்கிவிட்டேன். ஒரு சிறு நோட்டும் பென்சிலும் அவற்றைவிட மேல்.

படி 4: முதல் நடையைத் தேக்காவில் தொடங்குங்கள்

லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கித் தேக்கா சந்தையருகே வந்தால் பஃபலோ ரோடு, அதற்கு அடுத்தே கெர்பாவ் ரோடு. மலாய் மொழியில் ‘கெர்பாவ்’ என்றாலும் எருமைதான். ஆக இரண்டு தெருக்களுக்கும் ஒரே பெயர். இப்பகுதி மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வணிகமும் நிறைந்திருந்த நிலம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், ஓவியங்களில் மாடுகள் ஏன் வருகின்றன என்று வியக்க வேண்டியிருக்காது.

கெர்பாவ் ரோட்டில் வானவில்லைப் பிழிந்து பூசியதுபோல் ஒரு வீடு இருக்கும். எல்லோரும் அதன் முன்னால் படமெடுப்பதைப் பார்த்து நானும் அதைச் சுவரோவியக் கணக்கில் சேர்த்துவிட்டேன். உண்மையில் அது மிட்டாய்த் தொழில் செய்த டான் தெங் நியா என்ற சீன வணிகருக்கு 1900இல் கட்டப்பட்ட வீடு. இந்த வண்ணங்கள் பிற்காலச் சீரமைப்பில் வந்தவை. பாருங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

அங்கிருந்து வீரமாகாளியம்மன் கோயில் பக்கமாக நடந்தால் பெலிலியோஸ் லேன் வரும். இந்தப் பெயரும் ஒரு மாட்டு வணிகருடையதே. அங்கே சைஃபூல் என்ற பெயரில் வரையும் ஓவியர் 2016இல் தீட்டிய, லிட்டில் இந்தியாவின் பழைய தொழில்களைக் காட்டும் சுவர் இருக்கிறது. கிளி ஜோசியர், பூக்கட்டுபவர், சலவைத் தொழிலாளி, கச்சாங் பூத்தே எனப்படும் வறுகடலை விற்பவர் எனத் தமிழருக்கு அறிமுகம் தேவைப்படாத ஆட்கள் அதில் இருக்கிறார்கள். இவ்வட்டாரத்து ஓவியங்களில் பல, லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து 2015 முதல் நடத்திவரும் ‘ஆர்ட்வாக் லிட்டில் இந்தியா’ விழாவின் வழியாக வந்தவை. அது சனவரி மாதத்தையொட்டி நடப்பதால், புதிய சுவரைப் பார்க்க விரும்புவோருக்கு ஆண்டின் தொடக்கமே நல்ல காலம்.

ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். வாரமெல்லாம் உழைத்த தொழிலாளர்கள் நண்பர்களைச் சந்திக்கக் கூடும் நேரம் அது; அவர்களை விலகச் சொல்லிப் படமெடுப்பது அழகன்று.

படி 5: இரண்டாம் நாள், தெலுக் ஆயர்

சைனாடவுன் பகுதியில் 1842இல் கட்டிமுடிக்கப்பட்ட தியான் ஹோக் கெங் என்ற சீனக் கோயிலின் முன்வாசல் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இருக்கிறது; ஓவியமோ பின்மதிலில், அமோய் ஸ்திரீட் பக்கம். கணக்காளராகப் பணியாற்றி, 2015இல் எவர்ட்டன் ரோட்டில் முதல் சுவரோவியத்தைத் தீட்டிய யிப் இயூ சோங், 2017இல் 44 மீட்டர் நீளத்துக்கு இதை வரைந்தார். தென்சீனத்தைச் சேர்ந்த ஹொக்கியன் மக்கள் கடல் கடந்து வந்து வேரூன்றிய கதை இது. நான் பழக்கதோஷத்தில் இடமிருந்து வலமாக நடந்து, முதலில் செழிப்பையும் கடைசியில் கப்பலேறுவதையும் கண்டு குழம்பினேன். பழைய சீன எழுத்துமுறைப்படி வலக்கோடியிலிருந்து தொடங்குங்கள்.

முன்பக்கம் திரும்பினால், அதே தெருவில் 1820களின் இறுதியில் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கட்டத் தொடங்கிய நாகூர் தர்காவும், நம்மவர் குச்சுப்பள்ளி என்றழைத்த அல் அப்ரார் பள்ளிவாசலும் இருக்கின்றன. சுவரில் இல்லாவிட்டாலும் அக்கதையின் தமிழ்ப்பக்கம் இவையே.

படி 6: படமெடுத்தல்

கைப்பேசியின் அகலக் கோண லென்ஸை நான் அடியோடு வெறுக்கிறேன். சந்து குறுகலாக இருக்கிறதே என்று அதைப் பயன்படுத்தினால் தூண் வளையும், ஓவியத்து மனிதரின் தலை நீளும். சாதாரண லென்ஸில் இரண்டு மூன்று பகுதிகளாக எடுத்துக்கொள்வதே நல்லது. சுவர் முழுவதும் சட்டத்துக்குள் வரவேண்டும் என்று பின்னோக்கி நடந்து சாலையில் இறங்காதீர்கள். அப்படி இறங்கி ஒரு லாரி ஓட்டுநரிடம் நான் வாங்கிய வசவு இன்னும் காதில் இருக்கிறது. காலை எட்டு மணிக்குள் போனால், சரக்கு வண்டிகள் சுவரை மறைத்து நிற்குமுன் எடுத்துவிடலாம். ஓவியத்தின் கீழ்மூலையில் உள்ள கையொப்பத்தைத் தனியாக ஒரு படம் எடுங்கள். பின்னால் ஓவியரைத் தேட அது ஒன்றுதான் துணை.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர், “உரிமையாளர் சம்மதித்தால் போதும்தானே?” என்று கேட்டார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் அது போதாது. 2024இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டில், சிவப்புத் தலைத்துணி அணிந்த சாம்சுயி பெண் (சீனாவிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்தவர்) ஒருவர் சிகரெட்டுடன் அமர்ந்திருக்கும் ஓவியம் வரையப்பட்டபோது, நகர மறுசீரமைப்பு ஆணையம் முதலில் சிகரெட்டை நீக்கச் சொன்னது. பெரும் விவாதத்துக்குப் பிறகு ஓவியம் அப்படியே இருக்க விட்டது. ஆனால் முன்அனுமதி பெறாததற்காகக் கட்டட உரிமையாளருக்கு 2,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது.

சக்கர நாற்காலியில் வரும் தந்தையோடு போகலாமா என்று கேட்டவருக்கு: கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகள் கடைக்குக் கடை உயரம் மாறுபவை, இடையிடையே படிகளும் உண்டு. எனவே லிட்டில் இந்தியாவை விட்டுவிட்டு, நீளமான ஒரே சுவராக அமைந்த அமோய் ஸ்திரீட் ஓவியத்திலிருந்து தொடங்குங்கள். மாலையில் மழை பிடிக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள்.