போருக்குப் பிந்தைய ஜப்பானின் அன்றாடப் படங்கள்: பார்க்கும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘போரில் எல்லாம் இழந்து மீண்டெழுந்த ஜப்பான்’ என்று ஒரு வரி போட்டு, அதன் கீழ் 1940களின் படத்தையும் 50களின் படத்தையும் கலந்து பகிர்வது இணையத்தில் வழக்கமாகிவிட்டது. டோமோன் கென், கிமுரா இஹேய் போன்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞர்கள் தெருத்தெருவாக நடந்து எடுத்த படங்கள் அப்படி ஒரே மூட்டையாகக் கட்டப்படுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

முதல் தவறு, ஆண்டைப் பார்க்காமல் விடுவது. 1946, 1951, 1957 மூன்றும் வெவ்வேறு உலகங்கள். 1952 ஏப்ரல் 28 வரை ஜப்பான் நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. அதன் முதல் சில ஆண்டுகளில் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன. கண்ணில் பட்டதெல்லாம் அச்சேற முடியாது. 1950இல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கப் படைக்கு வேண்டிய சரக்கு ஜப்பானிய ஆலைகளில் வாங்கப்பட்டது, பணப்புழக்கம் கூடியது. 1956இன் பொருளாதார வெள்ளை அறிக்கையோ ‘இது இனி போருக்குப் பிந்தைய காலம் அல்ல’ என்றே எழுதிவிட்டது. தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்பதனப் பெட்டி மூன்றையும் ‘மூன்று புனிதப் பொருட்கள்’ என்று மக்கள் சொல்லத் தொடங்கிய காலம் அது. ஆகவே ஆண்டு தெரியாத படத்தை வைத்து மீட்சியைப் பற்றி எதுவும் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, ஆண்டு தெரிந்துவிட்டது. அது போதுமா? போதாது. மீட்சி எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்து சேரவில்லை.

1958 டிசம்பரில் 333 மீட்டர் உயர டோக்கியோ கோபுரம் திறக்கப்பட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 1959 டிசம்பரில், டோமோன் கென் க்யூஷூ தீவின் சிக்குஹோ நிலக்கரி வட்டாரத்துக்குப் போனார். போர் முடிந்த கையோடு, நாட்டைத் தூக்கி நிறுத்த நிலக்கரிக்கும் எஃகுக்கும் முதலிடம் என்று அரசு முடிவு செய்திருந்தது. அந்தக் கரியை வெட்டித் தந்த ஊர்களில் சிக்குஹோவும் ஒன்று. அப்புறம் நாடு எண்ணெய்க்கு மாறியபோது சிறு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, வேலை போனது, குடும்பங்கள் சோற்றுக்குத் திண்டாடின. டோமோன் அங்கே பெரும்பாலும் பிள்ளைகளையே படமெடுத்தார்.

அதில் ஒரு படம். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு நேரம். சில பிள்ளைகள் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு சில பிள்ளைகள் படப்புத்தகத்தில் முகத்தைப் புதைத்திருக்கிறார்கள். படத்தை மட்டும் பார்த்தால், படிப்பில் ஆசையுள்ள பிள்ளைகள் என்று தோன்றும். சாப்பாடு கொண்டுவராத பிள்ளைகள், மற்றவர்கள் சாப்பிடுவது கண்ணில் படாமல் இருக்கப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் படம் திறக்கிறது. குறிப்பை வெட்டியெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் பகிர்கிறவர்கள் செய்வது இந்தத் தவறுதான். என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு இது.

அந்தப் படங்கள் 1960இல் ‘சிக்குஹோவின் குழந்தைகள்’ என்ற புத்தகமாக வந்தன. மட்டமான காகிதம், விலை 100 யென். வேண்டுமென்றேதான் அப்படி அச்சிடச் சொன்னார் டோமோன், சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று. இன்று அருங்காட்சியகச் சுவரில் பளபளப்பான பிரதியாகப் பார்க்கிறவர்கள் இந்த விலையையும் காகிதத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கலைப்பொருளாக ரசிப்பதில் தப்பில்லை. ஆனால் அது ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காகப் போடப்பட்ட புத்தகம்.

கேமராவோடு தெருவில் இறங்குகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய தவறு இன்னொன்று. 1950 முதல் ‘கேமரா’ என்ற மாத இதழில் வாசகர்கள் அனுப்பும் படங்களுக்கு டோமோன் நடுவராக இருந்தார். ஜோடிப்பு கூடாது, உள்ளதை உள்ளபடி எடு என்று வலியுறுத்தினார். அதைக் கேட்ட பலர் நேராகப் பிச்சைக்காரர்களையும் தெருவோரச் சிறுவர்களையும் தேடிப் போனார்கள். ‘பிச்சைக்காரப் படங்கள்’ என்று விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. வறுமை எளிதில் அகப்படுகிற பொருள், எடுத்தவுடன் கனமான படம் போலத் தெரியும். ஆனால் டோமோனே 1955இல் டோக்கியோவின் கோத்தோ வட்டாரத்தில், சினிமா நாயகர்களைப் போலக் கத்திச்சண்டை விளையாடும் பையன்களை எடுத்திருக்கிறார். அவர்கள் வீட்டிலும் கஷ்டம் இருந்திருக்கலாம். படத்தில் இருப்பது விளையாட்டு. அன்றாடம் என்றால் அதுவும் சேர்த்திதான்.

‘உள்ளதை உள்ளபடி’ என்பதை அப்படியே நம்புவதும் தவறு, எல்லாம் நாடகம் என்று ஒதுக்குவதும் தவறு. டோமோனும் கிமுராவும் போர்க்காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் வெளிநாட்டாருக்கு ஜப்பானைக் காட்டும் பிரசாரப் பணிகளில் இருந்தவர்கள். கிமுரா ‘ஃப்ரண்ட்’ என்ற பிரசார இதழின் புகைப்படப் பிரிவுக்கே தலைவராக இருந்தார். ஜோடித்த படம் என்ன செய்யும் என்பதை உள்ளிருந்து பார்த்தவர்கள். அவர்கள் பிறகு தெருவுக்கு வந்ததை இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

படத்தில் இருக்கும் பிள்ளைகளை ‘இவர் இப்போது எங்கே?’ என்று இணையத்தில் துருவித் தேடவும் வேண்டாம். சிக்குஹோ பிள்ளைகள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். பசியோடு இருந்த பள்ளி நாளை வைத்துத் தன்னை ஊர் அடையாளம் காண வேண்டும் என்று எத்தனை பேர் விரும்புவார்கள்?

கடைசியாக, கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளால் சாயம் ஏற்றி ‘அன்றைய ஜப்பான் இப்படித்தான் இருந்தது’ என்று போடுவது. அந்தச் சட்டையின் நிறமும் கடைப் பலகையின் நிறமும் மென்பொருளின் ஊகம். வண்ண ஃபிலிமே இல்லாத காலமும் அல்ல அது. கிமுரா 1954, 55இல் பாரிஸ் தெருக்களை ஃபுஜியின் வண்ண ஃபிலிமில் எடுத்திருக்கிறார். அந்தக் கால வண்ணம் எப்படிப் பதிந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் படங்களைத் தேடிப் பார்க்கலாம்.