எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: சமையலறையும் குடும்பமும் எப்படித் தயாராக வேண்டும்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றதும் எல்லோரும் ஆபரேஷன் நாளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆபரேஷன் பெரும்பாலும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் பிந்தைய இரண்டு மாதமும் வீட்டில்தான் கழிகின்றன. யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் "இன்னும் ஒரு வாய்" என்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பல சிக்கல்கள் வருவதும் வராமல் போவதும். அதனால் இந்தக் குறிப்புகள் சிகிச்சை செய்துகொள்பவருக்கும் கூட இருப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டவை. உங்கள் மருத்துவமனை கொடுத்த அட்டவணையில் நாள் கணக்கோ மருந்தின் அளவோ இதிலிருந்து மாறியிருந்தால், அட்டவணையையே பின்பற்றுங்கள்.

எந்த ஆபரேஷன் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். சுமார் 100 முதல் 150 மி.லி. பிடிக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரியாது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மி.லி. பிடிக்கும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு நேரே இணைப்பார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகும். இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். பைபாஸ் செய்தவருக்கு மாத்திரைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவைப்படுவது இதனால்தான். ஸ்லீவ் செய்தவருக்கோ நெஞ்செரிச்சல் வரவும் ஏற்கெனவே இருந்தது கூடவும் வாய்ப்பு அதிகம்.

முந்தைய இரண்டு வாரம்

கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் படர்ந்து கிடக்கிறது. உடல் பருமன் உள்ள பலருக்கு அதில் கொழுப்பு சேர்ந்து வீங்கியிருக்கும். லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில்) அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் கீழே வேலை செய்ய வேண்டும். கல்லீரல் பெரிதாக இருந்தால் ஆபரேஷன் சிரமமாகும், ரத்தக்கசிவு வரலாம், சிலசமயம் பாதியில் நிறுத்தவும் நேரும். அதற்காகத்தான் நாளுக்கு 800 முதல் 1200 கலோரிக்குள், மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல் சாப்பிடச் சொல்கிறார்கள். மாவுச்சத்து குறைந்ததும் கல்லீரல் தன் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பையும் அதோடு கட்டிவைத்த நீரையும் விட்டுவிடும்; இரண்டே வாரத்தில் சுருங்கிவிடும். "இனிமேல் சாப்பிட முடியாதே" என்று உறவினர்கள் விருந்து வைப்பது இந்த இரண்டு வாரத்தில்தான். அன்பால் செய்கிறார்கள் என்றாலும் கெடுதல் அதிகம். காரணத்தைச் சொல்லித் தடுத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவரும், கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவரும் உணவைக் குறைக்கும் முதல் நாளே மருந்தின் அளவை மருத்துவரிடம் குறைத்து வாங்க வேண்டும். பழைய அளவையே தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். புகைப்பிடிப்பவர் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அதன்பின் திரும்பத் தொடவே கூடாது. பைபாஸ் தையலில் புண் வருவதற்கு முக்கியமான காரணங்களில் புகையும் ஒன்று.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை: 30 மி.லி. அளவுக் கோப்பைகள் சில, சின்னத் தட்டு, குழந்தைகளுக்கான சின்ன ஸ்பூன், சமையலறைத் தராசு, நைசாக அரைக்கும் மிக்ஸி, வடிகட்டி.

முதல் வாரங்கள்: தண்ணீரே முதல் வேலை

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனவர் திரும்ப மருத்துவமனைக்கு வர நேர்ந்தால், அதற்கு அடிக்கடி காரணமாவது உடலில் நீர் வற்றுவதுதான். ஒரே மடக்கில் குடித்தால் வலிக்கும். குடிக்காவிட்டால் தலை சுற்றும். இதற்கு ஒரே வழி கோப்பைக் கணக்கு. 15 நிமிடத்துக்கு ஒரு 30 மி.லி. கோப்பை. மணிக்கு நாலு கோப்பை, 120 மி.லி. விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் 1560 மி.லி. ஆகிவிடும், குறைந்தபட்சத் தேவையான ஒன்றரை லிட்டர் இதில் அடங்கிவிடும். ஒவ்வொரு மணிக்கும் நாலு கோப்பைகளை நிரப்பித் தலைமாட்டில் வரிசையாக வைத்துவிடுங்கள். "குடிச்சியா, குடிச்சியா" என்று கேட்டு நச்சரிக்க வேண்டியதில்லை. காலிக் கோப்பையை எண்ணினால் போதும்.

சிறுநீர் கரும்மஞ்சளாக இருப்பது, எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், நாக்கு ஒட்டுவது ஆகியவை நீர் குறைந்ததற்கான அறிகுறிகள். நீர் குறைந்தாலே குமட்டும். குமட்டுகிறதே என்று குடிப்பதை நிறுத்தினால் இன்னும் வற்றும். அந்தச் சுழலில் விழுந்தவருக்கு டிரிப் ஏற்றாமல் தேறுவது கடினம். பச்சைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெதுவெதுப்பான நீரோ ஐஸ் துண்டோ பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. கேஸ் நிறைந்த பானமும் உறிஞ்சுகுழலும் வேண்டாம். இரண்டும் காற்றை உள்ளே தள்ளும்.

உணவின் படிகள் பொதுவாக இப்படிப் போகும். முதல் ஓரிரு நாள் தெளிந்த திரவம்: தண்ணீர், வடிகட்டிய சூப். பிறகு இரண்டாம் வாரக் கடைசிவரை கெட்டியான திரவம்: கொழுப்பு நீக்கிய பால், புரதப் பொடி கலந்த பானம், அரைத்து வடிகட்டிய சூப். மூன்றாம், நான்காம் வாரம் மசித்த உணவு. ஐந்தாம், ஆறாம் வாரம் முள்கரண்டியால் அழுத்தினால் நசுங்கும் மென்மையான உணவு. அதற்குப் பிறகுதான் வழக்கமான உணவு, அதுவும் ஒவ்வொன்றாக. ஒரு படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். உள்ளே ஸ்டேப்ளர் போட்ட நீண்ட கோடு ஆறிக்கொண்டிருக்கிறது. பசி இல்லாததால் வெளியில் எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

மசித்த உணவில் ஒரு வேளைக்கு இரண்டு முதல் நாலு டேபிள்ஸ்பூன் போதும். இலக்கு கலோரி அல்ல, புரதம்: நாளுக்கு 60 முதல் 80 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 100 கிராமில் ஏறத்தாழ 9, வெந்த பருப்பு அரைக் கப்பில் சுமார் 9, வேகவைத்த மீன் 100 கிராமில் 20க்கு மேல். கூட்டிப் பார்த்தால் தெரியும், முதல் மாதத்தில் புரதப் பொடி இல்லாமல் 60ஐத் தொடுவது ஏறக்குறைய முடியாத காரியம். தட்டில் எப்போதும் புரதத்தை முதலில் சாப்பிட வேண்டும், காய் அடுத்து, மாவுச்சத்துக்கு இடம் மிஞ்சினால் பார்க்கலாம்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி கோப்பை. கூடவே குடித்தால் சின்ன இரைப்பையில் உணவுக்கு இடம் இருக்காது, வாந்தி வரும்; பைபாஸ் என்றால் உணவு அடித்துக்கொண்டு கீழே ஓடும்.

தொண்டைக்குக் கீழே அடைத்துக்கொண்டால்

இதைக் குடும்பத்தினர் ஒருமுறையாவது பார்க்க நேரிடும். நன்றாகப் பேசிக்கொண்டே சாப்பிடுபவர் சட்டென்று பேச்சை நிறுத்துவார். கை நெஞ்சின் நடுவுக்குப் போகும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். பிறகு வெள்ளை நுரையாகக் கொழகொழவென்று மேலே வரும். எல்லோரும் பதறி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவார்கள். அதுதான் செய்யக் கூடாதது. அடைப்புக்கு மேல் தண்ணீர் தேங்கி வலி இரட்டிப்பாகும். ஸ்பூனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். எழுந்து மெல்ல நடக்கட்டும். நுரையை விழுங்காமல் துப்பட்டும். பெரும்பாலும் சற்று நேரத்தில் இறங்கிவிடும் அல்லது வெளியே வந்துவிடும். அதன்பின் ஒரு நாள் திரவ உணவுக்குத் திரும்புங்கள், உள்ளே வீங்கியிருக்கும். சில மணி நேரமாகியும் எச்சில்கூட இறங்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடைப்பவை எப்போதும் அதே ஆட்கள்தான்: காய்ந்த கோழி நெஞ்சுக்கறி, புது ரொட்டி, குழைந்து ஒட்டும் சோறு, நார் உள்ள இறைச்சி, நேற்றுச் சமைத்துச் சூடாக்கிய கறி. காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான், வேகம். ஒரு வாய் உங்கள் சுண்டுவிரல் நகத்தளவு. மென்றால் கூழாக வேண்டும். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம். சட்டென்று ஒரு விக்கல், ஏப்பம், மூக்கில் நீர் வடிவது — பலருக்கு வயிறு நிறைந்ததைச் சொல்லும் சைகை இதுதான். அதற்குமேல் அரை ஸ்பூனும் வேண்டாம்.

பைபாஸ் செய்தவர் இனிப்பான எதையாவது சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் அது டம்பிங். சர்க்கரை நேரே குடலில் கொட்டியதும் குடல் உடலிலிருந்து நீரை இழுப்பதால் வருவது. படுக்க வைத்தால் தணியும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து நடுக்கமும் மயக்கமும் வந்தால் அது வேறு: இன்சுலின் அதிகம் சுரந்து ரத்தச் சர்க்கரை இறங்கியது. குளுகோமீட்டரில் பார்த்து எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாழ்நாள் முழுக்க மாத்திரை

எங்களைக் கேட்டால், எடையைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் ஆண்டில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பி12 சேமிப்பு தீர வருடங்கள் ஆகும். தீர்ந்தபின் வரும் கால் மரத்துப்போதலும் மறதியும் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

வழக்கமாகச் சொல்லப்படும் அளவுகள்: தினம் மல்டிவைட்டமின், பி12 வாய்வழி என்றால் தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி, வைட்டமின் டி3 தினம் 3000 யூனிட், ரத்த அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க, கால்சியம் 1200 முதல் 1500 மி.கி.; இரும்பு, பைபாஸ் செய்தவருக்கும் மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் 45 முதல் 60 மி.கி. கால்சியத்தை ஒரே தடவையில் போட்டால் உடல் ஏற்காது, 500 மி.கி. அளவில் பிரித்துப் போட வேண்டும். கார்பனேட் வகைக்கு அமிலம் தேவை, அது இப்போது குறைவு. அதனால் சிட்ரேட் நல்லது. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். காலையில் இரும்பு, மதியமும் மாலையும் இரவும் கால்சியம் என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை வீட்டு மருந்துப்பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். பைபாஸ் இணைப்பில் அவை புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதும்.

எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் வரலாம். ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் கொடுப்பது அதைத் தடுக்கத்தான். மூன்றிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடி கொட்டும். வேர் சாகவில்லை, பெரும்பாலும் திரும்ப வளரும். தொடர்ந்து கொட்டினால் புரதமும் இரும்பும் துத்தநாகமும் பார்க்க வேண்டும். மூன்றாவது வாரம் வாக்கில் எடை அசையாமல் நிற்பது சகஜம். தராசை வாரம் ஒருமுறைக்கு மேல் ஏறிப் பார்க்காதீர்கள்.

பெண்கள் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். வேறு முறையைப் பற்றி முன்பே பேசிவிடுங்கள்.

கூட இருப்பவர்கள்

எல்லோரும் பத்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்துவிட்டால் அவர் தனியே அரை மணி உட்கார மாட்டார், அவசரமாக விழுங்குவார். யாராவது ஒருவர் கடைசிவரை கூட உட்காருங்கள். தட்டைப் பார்த்து "அவ்வளவுதானா?" என்று கேட்காதீர்கள். மிச்சம் வைத்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். இனிப்பும் நொறுக்குத்தீனியும் வீட்டில் இருந்தால் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும்.

முதல் மாதத்தில் அழுகையும் எரிச்சலும் வரும். கவலை வந்தால் சாப்பிட்டு ஆறுதல் தேடியவருக்கு அந்த வழி திடீரென்று அடைபட்டிருக்கிறது. "நீயாகத்தானே செய்துகொண்டாய்" என்ற ஒரு சொல் பல மாதம் வலிக்கும். கூட நடக்கப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மதுவும் கவனிக்க வேண்டியது. ஆபரேஷனுக்குப் பின் அது வேகமாக ரத்தத்தில் ஏறும். இரண்டாம் ஆண்டிலிருந்து குடிக்கு அடிமையாகும் ஆபத்து கூடுவதும் தெரிந்த விஷயம்.

தாமதிக்கக் கூடாதவை

நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதே 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள்வலி: தையல் கசிவாக இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல்: ரத்தக்கட்டி. கறுப்பு மலம், ரத்த வாந்தி: உள்ளே ரத்தக்கசிவு. இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் தயாமின் (வைட்டமின் பி1) குறையத் தொடங்கலாம். நடை தள்ளாடுவது, பார்வை இரட்டையாவது, குழப்பமாகப் பேசுவது அதன் அறிகுறிகள். அந்நிலையில் தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிப்பு மோசமாகும். இரவில் அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு ஆபரேஷன் விவரம் தெரியாது. அதனால் பர்ஸில் ஒரு அட்டை வையுங்கள், கூட இருப்பவர் போனிலும் அதன் படம் இருக்கட்டும். அதில் எழுத வேண்டியவை: ஆபரேஷனின் பெயர், தேதி, செய்த மருத்துவமனையின் எண், எடுக்கும் மருந்துகள், "ஐபுப்ரோஃபென் வகை வலி மருந்து வேண்டாம்", "மூக்கு வழிக் குழாயைப் பார்க்காமல் செலுத்த வேண்டாம்", "வாந்தி என்றால் குளுக்கோஸுக்கு முன் தயாமின்". அட்டையின் பின்பக்கம் ரத்தப் பரிசோதனைத் தேதிகள்: 3, 6, 12ஆம் மாதம், பிறகு ஒவ்வொரு ஆண்டும்.