மோதியானோவின் ‘மிஸ்ஸிங் பர்சன்’: படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

1978இல் பிரெஞ்சில் வந்து அதே ஆண்டு பிரான்ஸின் பெரிய இலக்கிய விருதான கோன்கூர் பரிசும் வாங்கிய நாவல் இது, ஆங்கிலத்தில் டேனியல் வைஸ்போர்ட் மொழிபெயர்த்தார். எழுதிய பத்ரிக் மோதியானோவுக்கு 2014இல் நோபல் கிடைத்தது. கதை 1965இல் பாரிஸில் தொடங்குகிறது. கீ ரோலான் துப்பறியும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவன், பழைய ஞாபகம் எதுவும் இல்லாதவன். அந்தப் பெயரும் அடையாளச் சான்றும்கூட முதலாளி ஹூட் ஏற்பாடு செய்து கொடுத்தவைதான். ஹூட் ஓய்வு பெற்று நீஸுக்குப் போனதும், தான் யார் என்று இவன் தேடத் தொடங்குகிறான்.

இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள். துப்பறியும் கதை என்றதும், விடை கடைசிப் பக்கத்தில் இருக்கும் என்று வேகவேகமாகப் புரட்டுகிறார்கள். அப்படிப் படித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அதைவிடப் பெரிய தவறு, அவனுக்கு ஞாபகம் வந்தவுடன் அதை அப்படியே நம்பிவிடுவது. யாரோ கொடுத்த பழைய போட்டோவில் ஓர் உருவத்தைப் பார்த்து, இது நானாக இருக்குமோ என்று கேட்கிறான். முதலில் தன்னை ஃப்ரெடி ஹோவர்ட் தெ லூஸ் என்று நினைக்கிறான், அப்புறம் பெத்ரோ மெக்எவாய். அந்தப் பெயரில் நிலைத்ததும் தெனிஸ் என்ற பெண், ஆல்ப்ஸ் மலையில் உள்ள மெஜேவ் ஊரின் பனி என்று காட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவை அவனுடையவைதானா, அல்லது மற்றவர்கள் சொன்னதை வைத்து மனம் கட்டிக்கொண்டவையா? நாவல் உறுதி தருவதில்லை. அவனுக்கு ஏதாவது நினைவுக்கு வரும்போதெல்லாம், அதற்குச் சற்று முன்னால் யார் அவனிடம் என்ன சொன்னார் என்று திரும்பிப் பாருங்கள், நாவலின் உயிரே அதில்தான் இருக்கிறது.

வெறும் முகவரி, தொலைபேசி எண், பிறந்த தேதி என்று சில அத்தியாயங்கள் ஒரு பக்கத்திலேயே முடிந்துவிடும். தாண்டிப் போகாதீர்கள், அவனிடம் இருக்கும் சாட்சியமே அந்தக் காகிதங்கள்தான். பெயர்கள் நிறைய வரும் என்பதால் நீண்ட இடைவெளி விட்டுப் படிக்கவும் வேண்டாம்.

1940 முதல் 1944 வரை பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்ததை மறந்துவிட்டுப் படித்தால், இந்த மனிதர்கள் ஏன் போலிக் காகிதங்களோடு வாழ்கிறார்கள், ஏன் மெஜேவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்க்கிறார்கள் என்பது பிடிபடாது. மோதியானோ இதை அதிகம் விளக்க மாட்டார். அவர் பிறந்தது 1945 ஜூலையில், ஆனால் யூதரான அவர் அப்பா அந்த வருடங்களைப் போலி அடையாளத்தோடு பாரிஸில் கழித்தவர். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், பெயர் தொலைந்துபோவது மறதியால் மட்டும் நடந்ததல்ல என்பது புரியும். உயிர் பிழைக்கவே பெயரை மறைக்க வேண்டியிருந்த காலம் அது.

முடித்த கையோடு அவருடைய ‘டோரா ப்ரூடர்’ படியுங்கள். அங்கே அவர் தேடுவது, 1941 டிசம்பர் செய்தித்தாளில் ‘காணவில்லை’ அறிவிப்பில் இருந்த ஓர் உண்மையான சிறுமியை.