ஃபைல் சிஸ்டம் இழுக்கிறதா? சான் சுவிட்சில் எதைப் பார்ப்பது

சான் என்பது சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க். அதன் சுவிட்சுக்குள் நுழையுமுன் சர்வரைப் பாருங்கள். டிஎஃப் கட்டளையில் இடமும் ஐநோடும் (கோப்புகளுக்கான பதிவு இடங்கள்) மீதி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்க் செயல்பாட்டைக் காட்டும் ஐஓஸ்டாட்டை விரிவான வெளியீட்டுடன் 5 வினாடி இடைவெளியில் ஓடவிடுங்கள். ரீட் அவெயிட், ரைட் அவெயிட் (படிக்க, எழுத ஆகும் சராசரி நேரம்) இரண்டையும் மில்லிவினாடியில் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில், அதே லன்னுக்கு (சர்வருக்கு ஒதுக்கிய டிஸ்க் பகுதி) ஸ்டோரேஜ் அரே (டிஸ்க்குகள் இருக்கும் சேமிப்புப் பெட்டி) என்ன லேட்டன்சி காட்டுகிறது என்று பாருங்கள். சர்வரில் 40, அரேயில் 2 என்றால் மீதி 38 மில்லிவினாடி இடைவழியில் போகிறது: சர்வரின் கியூ, எச்பிஏ (சர்வரைச் சானோடு இணைக்கும் கார்டு), கேபிள், சுவிட்ச். இரு பக்கமும் ஏறியிருந்தால் பெரும்பாலும் அரேயின் சிக்கல்தான். ஆனால் சில அரேக்கள் டேட்டாவைச் சர்வருக்கு அனுப்பி முடிக்கும் நேரத்தையும் தங்கள் கணக்கில் சேர்க்கும். அவற்றில் நெட்வொர்க் நெரிசலும் அரேயின் தாமதம்போலவே தெரியும். சர்வர், சுவிட்ச், அரே மூன்றின் கடிகாரமும் என்டிபியால் (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்திசைக்கும் நெறிமுறை) ஒத்திருக்காவிட்டால் இந்த ஒப்பீடே வீண்.

மல்டிபாத், அதாவது ஒரே லன்னுக்குப் பல பாதைகள், இருந்தால் இன்னொரு தடயம் கிடைக்கும். ஒரே லன்னுக்கான எஸ்டி டிவைஸ்கள் (பாதைக்கு ஒன்று) ஒவ்வொன்றையும் ஐஓஸ்டாட் தனி வரியில் காட்டும். நான்கில் ஒன்றின் அவெயிட் மட்டும் உயர்ந்திருந்தால், அந்தப் பாதை எந்தச் சுவிட்சின் எந்த போர்ட் வழியே போகிறது என்று தேடினால் போதும். பாதி வேலை முடிந்தது.

இனி சுவிட்ச். எல்லோரும் முதலில் திறப்பது பேண்ட்விட்த் வரைபடத்தை. அதுவே பலரை ஏமாற்றுகிறது. 16 ஜிபிபிஎஸ் ஃபைபர் சேனல் (சானில் ஓடும் நெறிமுறை) போர்ட் ஒரு திசையில் வினாடிக்குச் சுமார் 1,600 எம்பி கடத்தும். வரைபடம் 400ஐக் காட்டினால் "போர்ட் சும்மாதான் இருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். அது அடைபட்டும் இருக்கலாம். ஃபைபர் சேனலில் எதிர்முனை இடம் இருப்பதாகச் சொன்னால்தான் ஃபிரேம் (டேட்டா பொட்டலம்) புறப்படும். அந்த அனுமதிக்கு பஃபர் கிரெடிட் என்று பெயர். ஒரு ஃபிரேம் போனால் ஒரு கிரெடிட் குறையும். எதிர்முனை ஆர்-ரெடி என்ற "இடம் காலி" சமிக்ஞையை அனுப்பினால் திரும்பக் கிடைக்கும். கிரெடிட் சுழியானால், லிங்க் எவ்வளவு காலியாக இருந்தாலும் ஃபிரேம் நிற்கும்.

அந்தக் காத்திருப்பை அளக்கத் தனி கவுண்டர் இருக்கிறது. ப்ரோகேட் சுவிட்சில் போர்ட்ஸ்டாட்ஸ்ஷோ கட்டளையில் வரும் டிஎக்ஸ் கிரெடிட் ஜீரோ, சிஸ்கோ எம்டிஎஸ்ஸில் டிஎக்ஸ்வெயிட். இரண்டும் 2.5 மைக்ரோவினாடிக்கு ஒரு டிக் கணக்கில் ஏறும். அதாவது வினாடிக்கு 4 லட்சம், நிமிடத்துக்கு 2.4 கோடி. சுவிட்ச் எழுந்த நாள் முதல் சேர்ந்த மொத்தத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்; 60 வினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுத்துக் கழியுங்கள். வித்தியாசம் 48 லட்சம் என்றால் அந்த நிமிடத்தில் 12 வினாடி, அதாவது 20 சதவீதம், போர்ட் வாயடைத்து நின்றிருக்கிறது. ஓரிரு சதவீதம் வந்து போவது இயல்பு. புகார் வரும் நேரங்களில் எல்லாம் 20ஐத் தொட்டால் விடாதீர்கள். 32-பிட் கவுண்டராக இருந்தால் தொடர் நெரிசலில் மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிச் சுழிக்குத் திரும்பிவிடும். நாளுக்கு ஒரு முறை எடுத்த கணக்கு அங்கே பயன்படாது.

எந்தப் போர்ட்டில் ஏறுகிறது என்பதே அடுத்த கேள்வி. சர்வர் போர்ட்டில் ஏறினால் அந்தச் சர்வர் ஃபிரேமை வாங்கத் தாமதிக்கிறது. அரே போர்ட்டில் ஏறினால் எழுத வரும் டேட்டாவை அரே வாங்கத் திணறுகிறது. சுவிட்சுகளுக்கிடையே உள்ள ஐஎஸ்எல்லில் ஏறினால் அடுத்த சுவிட்சுக்குப் போய் அதே கணக்கைப் போடுங்கள். குற்றவாளி அங்கே இருக்கிறது. இந்த மெதுவான வாங்கியைத்தான் ஸ்லோ டிரெயின் என்கிறார்கள். அது தான் மட்டும் கெடுவதில்லை; அதற்கான ஃபிரேம்கள் ஐஎஸ்எல் பஃபர்களை நிரப்பி, சம்பந்தமே இல்லாத சர்வர்களின் ஃபைல் சிஸ்டத்தையும் மந்தமாக்கும். ஐஎஸ்எல்லில் கடத்தல் குறைவாகவும் கிரெடிட் ஜீரோ அதிகமாகவும் இருக்கும்போது இன்னொரு ஐஎஸ்எல் போடுவது பணத்துக்குக் கேடு. லிங்க் உண்மையிலேயே நிரம்பி ஓடினால்தான் அது உதவும். விதிவிலக்கு, தொலைதூர லிங்க். அங்கே ஒதுக்கிய கிரெடிட்டே போதாமல் இருக்கலாம்: முழு அளவு ஃபிரேமுக்கு, ஜிபிபிஎஸ்ஸைக் கிலோமீட்டரால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தேவையான கிரெடிட் கிடைக்கும். 16 ஜிபிபிஎஸ், 10 கி.மீ. என்றால் 80, ஃபிரேம் சிறிதானால் இன்னும் கூடும்.

ஃபைல் சிஸ்டம் அரை நிமிடம் உறைந்து மீண்டும் ஓடுகிறதா? கிளாஸ் 3 டிஸ்கார்டை, அதாவது சுவிட்ச் வீசிய ஃபிரேம்களின் கணக்கை, பாருங்கள். சுவிட்சுக்குள் வழக்கமாக 500 மில்லிவினாடிவரை தேங்கிய ஃபிரேம் வீசப்படும். லினக்ஸில் எஸ்சிஎஸ்ஐ டிஸ்கின் இயல்புக் காலக்கெடு 30 வினாடி. தொலைந்த கட்டளைக்காக அவ்வளவு நேரமும் சர்வர் காத்திருக்கக்கூடும்.

அடுத்தது போர்ட் வாரியாகப் பிழைகளைக் காட்டும் ப்ரோகேட் கட்டளை, போர்ட்எர்ஷோ. சிஆர்சி பிழை (ஃபிரேம் வழியில் சிதைந்ததன் அடையாளம்) பல போர்ட்டுகளில் தெரியலாம். நல்ல இஓஎஃப்புடன் (ஃபிரேமின் முடிவுக் குறி) வந்த சிஆர்சி பிழை எங்கே ஏறுகிறதோ, அந்த லிங்க்தான் பிழை பிறந்த இடம். மற்றவை கடந்துபோன கெட்ட ஃபிரேம்கள். எஸ்எஃப்பி என்பது போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல். எஸ்எஃப்பிஷோவில் அது வாங்கும் ஒளித்திறனைப் பக்கத்து போர்ட்டுகளோடு ஒப்பிடுங்கள். ஷார்ட்வேவ் எஸ்எஃப்பியில் −10 டிபிஎம்மை நெருங்கினால் சந்தேகப்படலாம். முதலில் எல்சி கனெக்டரைத் துடைத்துப் பாருங்கள், பிறகு கேபிள், பிறகு எதிர்முனை எஸ்எஃப்பி, கடைசியில் இந்த முனை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் காரணம் தெரியாமலே போகும். தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள்: 16 ஜிபிபிஎஸ்ஸுக்கு ஓஎம்3 கேபிளில் வரம்பு 100 மீட்டர், ஓஎம்4இல் 125. பிட் பிழை ஆர்-ரெடியைச் சிதைத்தால் கிரெடிட் குறைந்தபடியே நிற்கும். லிங்க் ரீசெட் ஆகும்வரை அந்தப் போர்ட் நொண்டும்.

ஸ்லோ டிரெயினுக்குப் பெரும்பாலும் வேக வித்தியாசமே காரணம்: 32 ஜிபிபிஎஸ் அரேயிலிருந்து 8 ஜிபிபிஎஸ் எச்பிஏ பெரிய ரீட்களைக் கேட்கிறது. எச்பிஏவை மாற்றுவதே நல்ல தீர்வு. அதுவரை கியூ டெப்த்தை, அதாவது ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கட்டளைகளின் வரம்பை, குறைக்கலாம், அந்தச் சர்வரின் ஜோனில் (ஒன்றோடொன்று பேச அனுமதிக்கப்பட்ட போர்ட்டுகளின் குழு) உள்ள அரே போர்ட்டுகளைக் குறைக்கலாம். மாற்றம் செய்ததும் கவுண்டர்களைச் சுழியாக்கி, நேரத்தைக் குறித்துவைத்து, அதே சுமை மீண்டும் வரும் வேளையில், இரவு பேக்கப் என்றால் இரவு பேக்கப்பிலேயே, ஒப்பிடுங்கள்.